எட்டாத கைக்கு ஒரு கம்பி

டல்லாஸிலிருந்து வந்த பெட்டிகளில் பெரியதை மாப்பிள்ளை கிரண்குமார் கூடத்தின் நடுவில் படுக்கவைத்துத் திறந்தார். மேலே சாக்லேட், அதற்குக் கீழே துண்டுகள், அதற்கும் கீழே மனைவி ரூபாவின் பழைய சுடிதார் ஒன்றில் சுற்றி, மாமனார் முனிகிருஷ்ணனுக்கான சாமான். கறுப்பு ரப்பர் உறை போட்ட வளைந்த இரும்புக் கம்பிகள், கொஞ்சம் நட்டு போல்ட்டு, எப்படி மாட்டுவது என்று ஒரு படம்.

“இதான் மாமா நான் ஃபோன்ல சொன்னது. புல்-அப் பார். சுவத்துல ஒரு ஓட்டை போட வேணாம். வாசக்கால்ல மாட்டிட்டுத் தொங்க வேண்டியதுதான்.”

“ஏர்போர்ட்ல இத்தப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க நைனா,” என்றாள் ரூபா. “இன்னா ஆயுதமோன்னு நெனச்சிக்கினாங்க. இவரு அங்கயே ரெண்டு கையையும் தூக்கித் தொங்கற மாதிரி நடிச்சிக் காட்டினாரு.”

“நல்லவேள, என்னக் காட்டச் சொல்லல,” என்றார் முனிகிருஷ்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய வலது கை மடியிலேயே கிடந்தது.

முனிகிருஷ்ணன் திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பஸ் ஓட்டுகிறவர். மலைப்பாதை டிரைவர் என்றால் டிப்போவில் தனி மரியாதை. அந்த ஸ்டியரிங்கை எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். அந்த 2007 கோடையில் அவருடைய வலது தோள் இறுக ஆரம்பித்தது. முதலில் சட்டை மாட்டும்போது வலித்தது. பிறகு தலை வாரும்போது. பிறகு கை காது மட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் போகச் சொன்னால் தோளுக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது.

சமவெளியில் ஓட்டுகிறவர் என்றால் இதை மறைத்து வைத்துச் சமாளிக்கலாம். மலையில் அது நடக்காது. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறக்குறைய வந்த திசைக்கே முகத்தைத் திருப்ப வேண்டும். அதற்குப் பெரிய ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை கியர் மாற்றப் போகும் அந்தச் சின்ன நேரத்தில், வலது கை ஒன்றே சக்கரத்தின் உச்சிக்கு மேலே ஏறி, அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுத்து வர வேண்டும். ஒரு நாள் காலை அந்தக் கை பாதியில் நின்றது. இடது கையால் பிடித்துச் சமாளித்துவிட்டார். பஸ் கோட்டைத் தாண்டவில்லை, பயணிகள் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் தெரியாது. கீழே வந்து வண்டியை நிறுத்தியதும் அவரே போய் மேனேஜரிடம் சொன்னார்.

அன்றிலிருந்து டிப்போ யார்டில் வேலை. கழுவிய பஸ்ஸை வரிசையில் விடுவது, வரிசையில் நின்ற பஸ்ஸைக் கழுவ எடுப்பது. தீபாவளி கழிந்ததும் டாக்டர் பார்ப்பார். இரண்டு கைகளும் காதை ஒட்டி நேராக மேலே போனால் மலை. போகாவிட்டால் ஓய்வு பெறும்வரை யார்ட்.

வரலட்சுமி என்ற பிசியோதெரபிஸ்ட்தான் அவருக்குத் தோளைப் புரியவைத்தாள். தோள் மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டுமென்று தொளதொளவென்று தைத்த உறை. அது சுருங்கிக் கெட்டியாகிவிட்டது என்றாள். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் வீங்கும். மெதுவாக, விடாமல் இழுத்தால் இளகும். வாரத்துக்கு இரண்டு முறை அவள் இழுத்துவிட்டாள். மிச்ச நாட்களுக்கு வீட்டில் ஒரு கம்பி ஏற்பாடு பண்ணிக்கொள்ளச் சொன்னாள். “பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. கால் தரையிலதான் இருக்கணும். உடம்பு எடையைக் கொஞ்சம் கொஞ்சமா தோளுக்குக் குடுங்க. மெல்லகா, மெல்லகா.” மெதுவாக என்பதை அவள் எப்போதும் தெலுங்கில்தான் சொல்வாள்.

அதனால்தான் டல்லாஸ் கம்பி. கிரண்குமார் படத்தைப் பார்த்துப் பார்த்துப் போல்ட்டுகளை முடுக்கினார். முனிகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அது எப்படி நிற்கும் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்பக்கத்துக் குறுக்குச் சட்டம் வாசக்காலின் தலையில் போய் உட்காரும். முன்பக்கத்து ரப்பர் இந்தப் பக்கம் வாசக்காலின் மார்பில் மோதும். கீழே ஆள் தொங்கினால் முன்பக்கம் இன்னும் அழுந்தும், பின்பக்கம் இன்னும் கவ்வும். எவ்வளவுக்கு எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அவ்வளவு பிடி. ஒரு திருகாணி கூட இல்லாமல், ஆளின் எடையையே பூட்டாக மாற்றியிருந்தார்கள்.

“மூளைக்காரனுங்க,” என்றார் முனிகிருஷ்ணன்.

படுக்கையறைக் கதவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குறுக்குச் சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தார் கிரண்குமார். அது வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வந்தது.

முனிகிருஷ்ணன் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரைத் தடவிப் பார்த்தார். “மாப்ள, இது எதும்மேல உக்காரணும்?”

“கதவுக்கு மேல மரப்பட்டி ஒண்ணு வெளிய நீட்டிக்கினு இருக்கும்ல மாமா, அதும்மேல.”

“எந்த மரப்பட்டி?”

கிரண்குமார் மேலே பார்த்தார். டல்லாஸில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் எல்லாக் கதவைச் சுற்றியும் சுவருக்கு வெளியே விரலகலம் நீட்டிக்கொண்டு ஒரு அலங்காரப் பட்டி உண்டு. இங்கே செங்கல்லுக்கு நடுவே சட்டத்தைப் புதைத்து, மேஸ்திரி சுவரையும் மரத்தையும் ஒரே மட்டமாகப் பூசி வழித்துவிட்டிருந்தார். கம்பி உட்கார ஒரு எறும்புக்குக் கூட இடமில்லை.

“பொறந்ததுலேந்து இருபத்தஞ்சு வருஷம் இந்த மாதிரிக் கதவுலதான பூந்து வந்தீங்க,” என்றாள் ரூபா. “ஒரு தபா கூட நிமிந்து பாக்கலியா?”

“நீயும் இந்த வீட்டுலதான வளந்த? நான் வாங்கும்போது பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?”

வீட்டில் ஒரே ஒரு கதவில்தான் அப்படி நீட்டம் இருந்தது. தெருவாசல். தேக்குச் சட்டம், தலையில் ஒரு அகல விட்டம், அதில் நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. இருவரும் கம்பியோடு அந்தப் பக்கம் திரும்புவதற்குள் முனிகிருஷ்ணனின் மனைவி அம்சவேணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

“அந்தக் கதவுல மட்டும் கை வெக்காதீங்க.”

“கை வெக்கல. கம்பிதான் வெக்கப் போறோம்,” என்றார் முனிகிருஷ்ணன்.

“வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம மஞ்சா பூசிப் பொட்டு வெக்கிற எடம். அவ தலமேல ஒரு ஆளு தொங்குவாரா?”

“காலு தரையிலதாம்மே இருக்கும்.”

“அது இன்னும் நல்லாருக்கும். வர்றவங்க பூரா உங்க வயித்தப் பாத்துக்கினே உள்ள வரட்டும்.”

முனிகிருஷ்ணனும் பிடிவாதம் பிடிக்கவில்லை. லட்சுமியின் மேல் பாரம் ஏற்ற அவருக்கும் மனசில்லை. தவிர, கிட்டே போய்ப் பார்த்தபோது அந்த விட்டம் பிற்பாடு சேர்த்து ஆணி மட்டும் அடித்தது, ஆள் பாரம் தாங்காது என்று தெரிந்தது. டல்லாஸ் கம்பி மறுபடி சுடிதாருக்குள் போயிற்று.

அடுத்த கம்பியை அவரே போய் வாங்கினார். திருப்பதியில் கிரிக்கெட் மட்டையும் கேரம் போர்டும் விற்கும் கடை. ஒரு மூலையில் உடற்பயிற்சிச் சாமான்கள். கடைக்காரர் பாலசுந்தரம் ஒரு உருளைக் கம்பியை எடுத்து நீட்டினார்.

“நூறு கிலோ தாங்கும் சார்.”

“நான் எழுவத்தெட்டு. மிச்சத்துக்கு யாரத் தொங்கவிடறது?”

“வீட்ல அம்மாவ விடுங்க சார்.”

“அவங்களத் தொங்கவிட்டா நீ கட நடத்த முடியாது.”

இது வேறு தினுசு. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்ளே திருகு. கம்பியைச் சுற்றினால் நீளம் கூடும். வாசக்காலின் இரண்டு தூண்களுக்கு நடுவில் வைத்துச் சுற்றினால் இரண்டு முனை ரப்பரும் மரத்தை அழுத்தும். அந்த அழுத்தத்தால் வரும் பிடிமானம் மட்டும்தான் ஆளைத் தாங்குகிறது. ஆக, இரண்டு விஷயம் வேண்டும்: பலமான அழுத்தம், வழுக்காத மரம்.

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தில் ஒரு இளைஞன் தலைக்கு வெகு மேலே கம்பியைப் பிடித்திருந்தான். அதே மாதிரி உயரத்தில் கிரண்குமார் படுக்கையறைக் கதவில் மாட்டினார். முனிகிருஷ்ணன் கீழே நின்று இடது கையால் பிடித்தார். வலது கை காதோடு நின்றது. சரி, முதலில் இது தாங்குகிறதா என்று பார்ப்போம் என்று இடது கையில் கொஞ்சம் பாரம் கொடுத்தார். கம்பியின் இடது முனை சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. ரூபாவின் கல்யாணத்துக்கு முன்னால் எல்லா வாசக்காலுக்கும் பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். ரப்பர் அதில் சறுக்குமரத்தில் வருவது போல் வந்தது. இன்னும் முடுக்கினார்கள். இப்போது கம்பி நின்றது, ஆனால் தூண் வளைந்து கதவு பாதியிலேயே மாட்டிக்கொண்டது. சாத்தவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த ரூபா உள்ளே.

“நைனா, எனக்கு ஃப்ளைட்டு இருக்குது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கம்பியை அவிழ்த்த பிறகு அம்சவேணி அதைத் துடைத்து, கொடிக்கம்பி மாதிரிக் கொல்லையில் மாட்டித் துண்டு காயப்போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். முனிகிருஷ்ணனும் சிரித்தார். அன்று சாயங்காலம் அவர் இடது கையால் தலை வாரியதைப் பார்த்துவிட்டு, அம்சவேணி மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தீபாவளி கிட்டே வந்துகொண்டிருந்தது.

“சித்தூருக்குப் போங்க,” என்றாள். “எத்திராஜு கிட்டச் சொல்லி சுவத்துல அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சிக்கினு வாங்க. அவன் செஞ்ச கேட்டு ஒண்ணும் இதுவரைக்கும் விழுந்ததில்ல.”

எத்திராஜ் அவளுடைய தம்பி. பலமனேர் போகும் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மறுநாள் காலையில் முனிகிருஷ்ணன் அங்கே போய் இறங்கியபோது கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தான்.

“வா மாமா. அக்கா போன் பண்ணிச்சி. லட்சுமி தலமேல தொங்கப் பாத்தியாமே?”

“தொங்கல. பாத்தேன்.”

எத்திராஜ் விஷயத்துக்கு வந்தான். சுவரில் நாலு போல்ட்டு, முக்கோணமாகத் தாங்கி, ஒன்றேகால் அங்குலக் குழாய். எல்லாம் சரி. “ஒசரம் சொல்லு. கையத் தூக்கு, கோடு போட்டுக்கறேன்.”

முனிகிருஷ்ணன் கையைத் தூக்கினார். எத்திராஜ் சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“மாமா, இது நல்ல கை. மக்கர் பண்ற கையத் தூக்கு.”

வலது கை காதுவரை ஏறி நின்றது. அங்கேயும் ஒரு கோடு. சுவரில் இப்போது இரண்டு கோடுகள், நடுவில் ஒன்றரை முழம் வெறும் சுவர்.

“எந்தக் கோட்டுக்குக் கம்பி வெக்கட்டும்?”

முனிகிருஷ்ணன் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேல் கோட்டில் வைத்தால் கை எட்டாது. ஸ்டூல்மேல் ஏறினால் எட்டும், ஆனால் அப்போது மேலே போவது உடம்புதான், கை அல்ல. கீழ்க்கோட்டில் வைத்தால் இன்றைக்குச் சரி. கை கொஞ்சம் இளகியதும் அந்தக் கம்பியால் பிரயோஜனமில்லை. கடையில் விற்கும் கம்பி, அமெரிக்காவிலிருந்து வந்த கம்பி, எல்லாமே கை எட்டுகிறவனுக்காகச் செய்தது. இத்தனை நாளும் அது சுவரில் நிற்குமா, வழுக்குமா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை யாரும் கேட்கவில்லை.

“ஏணி மாதிரிப் படிப்படியா வெச்சிடட்டா?” என்றான் எத்திராஜ்.

“ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும்டா. இந்தத் தோளு அவ்ளோ நல்லவன் இல்ல. விரக்கட விரக்கடயாத்தான் எறங்கி வரான்.”

“அப்ப யோசி. நான் எங்க போய்டப் போறேன்.” போகும்போது எத்திராஜ் ஒரு பை நிறையக் கத்தரிக்காயைக் கொடுத்தான்.

முகூர்த்த நாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. முனிகிருஷ்ணன் ஏறி, குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சீட்டைக் கொடுத்துவிட்டு நடுவில் நின்றார். பஸ்ஸில் அவர் நின்று பல வருஷமாகியிருந்தது. மலைப் பஸ்ஸில் யாரும் நிற்கக் கூடாது. சீட்டு நிறைந்தால் வண்டி கிளம்பிவிடும். மற்ற பஸ்ஸில் எங்காவது போனால் டிரைவர்கள் அவரை எஞ்சின் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள். நிற்கிறவர்கள் எதைப் பிடித்து நிற்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இடது கையில் கத்தரிக்காய்ப் பை. வண்டி நகர்ந்ததும் வலது கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்தது. தரையிலிருந்து கூரைவரை நேராக நிற்கும் குழாய், பல பேர் கைபட்டு மழுமழுவென்று இருந்தது. நெஞ்சு உயரத்தில் பிடித்தார். பிரேக் போட்டபோது உடம்பு முன்னால் போயிற்று, கை பின்னால் நின்றது. தோளுக்குள் அந்த உறை மெதுவாக இழுபட்டது. வலித்தது. வரலட்சுமி இழுக்கும்போது வருமே, அதே வலி. கால் தரையில். பாரம் கொஞ்சம் கொஞ்சமாக. வண்டி அடுத்த பிரேக் போடுவதற்குள் அவர் விரல்களை ஒரு விரற்கடை மேலே நகர்த்தினார்.

நகர்ந்தது. கம்பத்தில் படி இல்லை, கோடு இல்லை. எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். அடுத்த குலுக்கலுக்கு இன்னொரு விரற்கடை.

“அண்ணா, பைய இப்படிக் குடுங்க, மடியில வெச்சிக்கிறேன்,” என்றாள் அந்தப் பெண்.

“வேணாம்மா, இருக்கட்டும்.” பையைக் கொடுத்தால் இடது கை சும்மா இருக்காது, உதவிக்கு வந்துவிடும்.

பூதலப்பட்டில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. கண்டக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “ஏமண்ணா, பின்னாடி சீட்டு காலியா கீது. போய் உக்காரு.”

“நிக்கிறேம்பா.”

“கால் வலிக்காதா?”

“கை வலிக்கணும், அதுக்குத்தான் நிக்கிறேன்.”

கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். சந்திரகிரி வரும்போது முனிகிருஷ்ணனின் வலது கை காதைத் தாண்டி, நெற்றிக்கு நேரே, கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தன் புறங்கையை அவர் அண்ணாந்து பார்த்தார். இந்தக் கோணத்திலிருந்து அதைப் பார்த்து மாதங்களாகியிருந்தன.

திருப்பதியில் இறங்கியதும் எத்திராஜுக்கு ஃபோன் போட்டார். “படுக்கக் கம்பி வேணாம். நிக்கிற கம்பி. தரையிலேந்து மேல் தளம்வரைக்கும்.”

“பஸ்ல இருக்குமே, அப்படியா?”

“அதேதான். உன் கத்தரிக்காப் பைதான் இதச் சொல்லிக் குடுத்துது.”

இரண்டு நாளில் எத்திராஜ் குழாயோடு வந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் நிறுத்தினான். கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவில் முடுக்குவதற்கு ஒரு திருகு. கடைக்காரர் கொடுத்த கம்பியைப் போல இதுவும் அழுத்தித்தான் நிற்கிறது, ஆனால் இது வழுக்காது என்பதை முனிகிருஷ்ணன் மாப்பிள்ளைக்கு ரசித்து ரசித்துச் சொன்னார். அதில் பாரம் கம்பிக்குக் குறுக்கே விழுந்தது, பிடிமானம் மட்டுமே தாங்கியது. இதில் பாரம் கம்பி வழியாகவே கீழே இறங்கித் தரைக்குப் போய்விடுகிறது. தரை எங்கே சறுக்கப் போகிறது? தலைக்கு மேலே, ஒரு கை நீளத்துக்கு ஒரு குறுக்குக் கம்பியையும் எத்திராஜ் ஒட்டிக்கொடுத்திருந்தான், ஏறி வந்த கை கடைசியில் தங்குவதற்கு. கிரண்குமார் அதில்தான் தன் புல்-அப் எடுத்தார். நாலாவதில் முகம் சிவந்து இறங்கிவிட்டார். ரூபா கணக்கில் அது மூன்றுதான்.

புதுச் சாமான் எது வந்தாலும் அம்சவேணி மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பாள். அந்தக் கம்பத்துக்கும் வைத்தாள், அவர் கை நின்ற இடத்தில். அடுத்த வெள்ளிக்கிழமை பழைய பொட்டுக்கு மேலே இன்னொன்று. அதற்கடுத்த பொட்டுக்கு அவள் கை எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினாள்.

வரலட்சுமி தோளைச் சுழற்றிப் பார்த்து, “பாகுந்தி, நல்லாயிருக்கு,” என்றாள். “முழுசா ஆக இன்னும் மாசங்கள் ஆகும். ஆனா தாழ்ப்பாள் திறந்திருச்சு.”

தீபாவளிக்கு மறுவாரம் டிப்போ டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண் பரிசோதனைக்கு வந்த டிரைவர் கோவர்த்தனன். “இன்னா முனிகிருஷ்ணா, கை வேர்க்குது?”

“வேர்க்கட்டும். தூக்கறதுக்குத் தடையில்ல.”

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் எதையோ எழுதிக்கொண்டே, “ரெண்டு கையும் மேலே,” என்றார். முனிகிருஷ்ணன் மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினார். இடது கை போயிற்று. வலது கை காதில் ஒரு கணம் தயங்கியது. அவர் மனசுக்குள் பஸ் ஒரு பிரேக் போட்டது. கை மேலே போயிற்று. சட்டைக் கை காதில் உரசியது.

டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வந்து முழங்கையைப் பிடித்துப் பின்னால் லேசாகத் தள்ளினார். “வலிக்குதா?”

“கொஞ்சம் இழுக்குது சார்.”

“இழுக்கும். பயிற்சிய விடாதீங்க. ஆறு மாசத்துல மறுபடி வாங்க.” உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பார்த்தால் முனிகிருஷ்ணன் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“எறக்கலாம்பா.”

“சரி சார்,” என்றார் முனிகிருஷ்ணன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் இறக்கினார்.

வெளியே வந்து, கழுவி நிறுத்திய பஸ்களின் நிழலில் நின்று வீட்டுக்கு ஃபோன் போட்டார். முதல் மணியிலேயே அம்சவேணி எடுத்தாள்.

“போச்சா?”

“போச்சு.”

“எது போச்சு? சரியாச் சொல்லுங்க.”

“கை மேல போச்சும்மே. ரெண்டும் போச்சு. நாளைக்குக் காலைல மலைக்கு டூட்டி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “அப்ப காலைல டிபன் எத்தினி மணிக்குக் கட்டணும்?” என்றாள்.

“நாலு மணிக்கு.”

“நாலு மணிக்கா? எத்தினி மாசமா நிம்மதியாத் தூங்கிக்கினு இருந்தேன்,” என்றாள் அம்சவேணி. “சரி, வரும்போது ரவ வாங்கிக்கினு வாங்க. வலது கையிலயே தூக்கிக்கினு வாங்க.”